கம்பெனி யாருக்காக? சூலியா தெரு சொல்லும் 200 ஆண்டுக் கணக்கு

நீங்க வேலை பார்க்கும் நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 'எங்கள் நோக்கம்' என்ற தலைப்பில், பளபளப்பான எழுத்தில் ஒரு வாசகம் தொங்கும். மக்களின் வாழ்வை உயர்த்துவோம், பூமியைக் காப்போம், அப்படி ஏதாவது. லாபம் என்ற சொல்லை மட்டும் அதில் தேடினாலும் கிடைக்காது.

சரி, அந்த வாசகத்தை நிறுவனம் மீறினால் யார் தட்டிக் கேட்க முடியும்? நீங்கள் கேட்கலாமா? பக்கத்துத் தெருவில் இருப்பவர் கேட்கலாமா? கேட்டால் நீதிமன்றம் காது கொடுக்குமா?

நிறுவனங்கள் லாபத்துக்கு மேல் ஒரு நோக்கத்தோடு இயங்க வேண்டுமா என்ற விவாதம் உலகம் முழுக்க சில ஆண்டுகள் சூடாக நடந்து, இப்போது ஆறிப்போன தேநீர் மாதிரி ஆகிவிட்டது. இதை நியூயார்க், லண்டன் என்று வெளியில் இருந்து பார்ப்பதைவிட, பினாங்கு ஜோர்ஜ்டவுனில் உள்ள சூலியா தெருவில் இருந்து பார்த்தால் நமக்கு இன்னும் தெளிவாகப் புரியும். காரணம் இருக்கிறது.

ஒரு தெரு, இரண்டு வகை வியாபாரம்

1786 ஆகஸ்ட் மாதம் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கைப்பற்றினார் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். உண்மையில் இந்தத் தீவைக் கைக்கொண்டது ஒரு நாடு இல்லை, ஒரு கம்பெனி. கிழக்கிந்தியக் கம்பெனி. நம் முன்னோர் 'கும்பினி' என்று சொன்னது இதைத்தான்.

அந்தக் கும்பினி போட்ட முதல் சில தெருக்களில் ஒன்றுதான் இன்றைய சூலியா தெரு. தமிழகக் கடற்கரை ஊர்களில் இருந்து வந்த முஸ்லிம் வணிகர்களைச் 'சூலியா' என்று அழைத்தார்கள். சோழ மண்டலம் என்ற பெயரில் இருந்து அது வந்தது என்பது பரவலான விளக்கம். கும்பினி வருவதற்கு முன்பே இவர்கள் கெடாவில் வியாபாரம் செய்தவர்கள். 1790களிலேயே சுமார் ஆயிரம் சூலியாக்கள் பினாங்கில் குடியேறியிருந்தார்கள் என்று லைட் தன் மேலிடத்துக்கு எழுதினார். கடைக்காரர்கள், கூலித் தொழிலாளர்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஒவ்வோர் ஆண்டும் கப்பலேறி வந்து, கொஞ்சம் சம்பாதித்து, ஊர் திரும்பியவர்கள் இதற்கு மேல்.

ஆக, ஒரே தெருவில் இரண்டு வகை வியாபாரம் எதிரெதிரே நின்றது. ஒன்று, பங்குதாரர்களின் பணத்தில், அரசப் பட்டயத்தின் பலத்தில் நடந்த மாபெரும் கம்பெனி. மற்றொன்று குடும்பம், ஊர், பள்ளிவாசல் என்ற வலைக்குள் நடந்த வணிகம். இரண்டுமே லாபத்துக்காகத்தான் நடந்தன. அதில் யாரும் புனிதர் இல்லை. ஆனால் லாபம் வந்த பிறகு அது எங்கே போக வேண்டும் என்பதில் இரண்டும் வேறு வேறு வழியில் போயின.

கும்பினிக்கு ஒரு நோக்கம் இருந்தது, காகிதத்தில். 1600 டிசம்பர் 31ஆம் தேதி முதலாம் எலிசபெத் ராணி தந்த பட்டயம்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். அன்றைக்கெல்லாம் நினைத்தவர் நினைத்தபடி கம்பெனி ஆரம்பிக்க முடியாது. 'இன்ன காரியத்துக்காக' என்று சொல்லி அரசரிடம் அனுமதி பெற வேண்டும். பதிலுக்கு ஏகபோக உரிமை கிடைக்கும். அதாவது, நோக்கம் என்பது கம்பெனி தானாக மாட்டிக்கொண்ட பதக்கம் இல்லை. அனுமதிக்குப் போட்ட நிபந்தனை.

அந்த நிபந்தனை என்ன ஆனது? வணிகம் செய்ய வந்த கம்பெனி படை வைத்தது, வரி வசூலித்தது, நாடு ஆண்டது. பினாங்கிலேயே பாருங்கள். எதிரிகளிடம் இருந்து பாதுகாப்புக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் கெடா சுல்தான் தீவைத் தந்தார். பாதுகாப்பு வரவில்லை. 1791இல் தீவைத் திரும்பப் பெற முயன்று தோற்றார். பிறகு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று கணக்கு முடிக்கப்பட்டது. அந்த 6,000 டாலரைத் தாண்டி லண்டனில் இருந்த பங்குதாரர் எவரும் கெடாவைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கும்பினியைக் கடைசியில் கட்டுப்படுத்தியது அதன் நோக்கப் பத்திரம் இல்லை, பிரிட்டிஷ் நாடாளுமன்றம்தான். 1813இல் இந்திய வணிகத்தின் ஏகபோகம் போனது. 1833இல் வணிகம் செய்யும் உரிமையே போனது. 1874இல் கம்பெனியே இல்லை.

விற்க முடியாத நோக்கம்

இப்போது தெருவின் மறுபக்கம். சூலியா தெருவில் இருந்து திரும்பி நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வரும். சூலியாக்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் இதை நிறுவினார். அதற்காக 18 ஏக்கர் நிலம் தந்தது யார் தெரியுமா? அதே கும்பினி.

அந்த நிலம் வக்ஃபு ஆனது. வக்ஃபு என்றால் வெறும் நன்கொடை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு சொத்தை ஒரு நல்ல காரியத்துக்கு எழுதி வைத்துவிட்டால், அதற்குப் பிறகு அதை விற்க முடியாது. வாரிசுக்குப் பிரித்துத் தர முடியாது. அதில் இருந்து வரும் வாடகையும் விளைச்சலும் மட்டும் எழுதி வைத்த காரியத்துக்குப் போகும். சொத்தைப் பார்த்துக்கொள்பவர் முத்தவல்லி. அவர் காவல்காரர். உரிமையாளர் இல்லை.

பள்ளிவாசலோடு இது நிற்கவில்லை. கப்பல் வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த முகமது மெரிக்கான் நூர்தீன், 19ஆம் நூற்றாண்டில் சூலியா தெருவிலேயே சொத்து எழுதி வைத்தார். அவருடைய குடும்பக் கல்லறை மாடம் இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி, ஏழைகளுக்குச் சாப்பாடு என்று கடை வாடகை போய்ச் சேர வேண்டிய இடத்தை அவரைப் போன்றவர்கள் முன்கூட்டியே தீர்மானித்தார்கள்.

இன்றைய மேலாண்மைப் புத்தகங்கள் 'நோக்கத்தை நிறுவனத்தின் மரபணுவில் பதிப்பது' என்று என்னென்னவோ எழுதுகின்றன. இந்த மனிதர்கள் அதைப் பத்திரத்தில் பதித்தார்கள். அதுதான் வித்தியாசம்.

அடடா, நம்ம ஆட்கள் அன்றைக்கே எவ்வளவு முன்னேறி இருந்திருக்கிறார்கள் என்று மார்தட்டிக்கொள்வதற்கு முன் மீதிக் கதையையும் கேளுங்கள்.

காலம் போகப் போக, அறங்காவல் குடும்பச் சொத்து மாதிரி ஆனது. வாடகைக் கணக்கு சரியில்லை என்று புகார்கள் எழுந்தன. வழக்குகள் வந்தன. நகரம் வளர வளர நிலத்தின் மதிப்பு ஏறியது, சபலமும் ஏறியது. 1905இல் காலனி அரசு சட்டம் போட்டு, முஸ்லிம், இந்து அறக்கொடைகளை ஒரு வாரியத்தின் கீழ் கொண்டு வந்தது. இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. முஸ்லிம் வக்ஃபு சொத்துகள் பின்னாளில் மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்புக்குப் போயின.

வாரியம் கணக்கைச் சீராக்கியது. கூடவே இன்னொன்றையும் செய்தது. பள்ளிவாசலை ஒட்டி நெருக்கமாக இருந்த வீடுகளை அப்புறப்படுத்தியது. பள்ளிவாசல் பெரிதாகி, சுற்றிலும் திறந்தவெளி வந்தது. இன்று நீங்கள் புகைப்படம் எடுக்கும் அந்த அழகான காட்சி அப்படி உருவானதுதான். அங்கே குடியிருந்த எளிய மக்களுக்காகவும் சேர்த்துத்தான் அந்த நிலம் கிடைத்தது என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் அவர்கள் காட்சியில் இருந்து நகர்த்தப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் கூ சல்மா நசுத்தியோன் பினாங்குச் சூலியாக்களைப் பற்றி 2014இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்தப் பள்ளிவாசல் வட்டாரம் மாறிய கதையை விரிவாகப் படிக்கலாம்.

ஆக, நோக்கத்தைப் பூட்டி வைத்தால் மட்டும் போதவில்லை. சாவி யார் கையில், அவரை யார் கேட்பது என்பதும் சேர்ந்தே வருகிறது.

சாமிக்கும் ஒரு பங்கு

பக்கத்திலேயே பினாங்கு தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. வட்டித் தொழில் செய்தவர்கள். 'அவங்களா, கறாரான ஆளுங்களாச்சே' என்பீர்கள். கறார்தான். ஆனால் அவர்களுடைய பேரேட்டில் சாமிக்கும் ஒரு கணக்கு உண்டு. மகமை என்று ஒரு பங்கைத் தொழிலில் இருந்து எடுத்துக் கோயிலுக்குச் செலுத்தினார்கள். 1857இல் தண்ணீர்மலைப் பகுதியில் எழுந்த தண்டாயுதபாணி கோயிலும், 1894இல் காரைக்குடியில் இருந்து வந்த வெள்ளி ரதமும் அந்தப் பழக்கத்தின் வெளித்தோற்றம். தைப்பூசத்துக்குப் போகும் யாரும் அதைப் பார்க்காமல் வர முடியாது.

மகமையைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இந்த ஆண்டு மனம் இருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற தர்மம் இல்லை அது. தொழிலோடு ஒட்டிய கடமை. கொடுக்கவில்லை என்றால் சமூகத்தில் உங்கள் பெயர் கெடும், பெயர் கெட்டால் கடன் கிடைக்காது. கடன் கிடைக்காத வட்டித் தொழிலை எப்படி நடத்துவது? அதே நேரத்தில், அந்த மகமையால் கடன்காரனின் வட்டி ஒரு காசுகூடக் குறையவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. லாபத்தை எங்கே கொடுக்கிறோம் என்பதும், லாபத்தை எப்படி ஈட்டுகிறோம் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இன்றைய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அறிக்கைகள் முதல் கேள்விக்கு வண்ணப் படங்களோடு பதில் சொல்லி, இரண்டாவதைத் தாண்டிப் போய்விடும்.

'லாபம் மட்டுமே' என்பது எப்போது வந்தது?

அமெரிக்காவில் 1919இல் ஒரு வழக்கு. கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டு, லாபத்தைச் சிறப்பு டிவிடெண்டாகப் பிரித்துத் தராமல், கார் விலையைக் குறைத்து, தொழிற்சாலையை விரிவாக்கி, இன்னும் நிறைய பேருக்கு வேலை தரப் போவதாகச் சொன்னார். பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் நீதிமன்றம் போனார்கள். வணிக நிறுவனம் முதன்மையாகப் பங்குதாரரின் லாபத்துக்காகவே நடத்தப்படுகிறது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சொல்லி, டிவிடெண்ட் கொடுக்க உத்தரவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாட்ஜ் சகோதரர்களும் கார் தயாரித்தார்கள். ஃபோர்டு கார் விலையைக் குறைத்தால் அவர்களுக்கும் அடி. மக்கள் நலம் பேசிய ஃபோர்டுக்கும் போட்டியாளருக்குப் பணம் போகக்கூடாது என்ற கணக்கு இருந்திருக்கலாம். யாரும் சும்மா வழக்காடுவதில்லை.

1970இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்றார். அவரைத் திட்டுவது இப்போது எளிது. ஆனால் அவர் வாதத்தில் ஒரு கூர்மை உண்டு. நிர்வாகி அள்ளிக் கொடுப்பது அவருடைய பணம் இல்லையே, அடுத்தவர் பணம். யாருமே தேர்ந்தெடுக்காத ஒருவர் நம் மேல் வரி போட்டு, தனக்குப் பிடித்த காரியத்துக்குச் செலவு செய்வது போலத்தானே அது? இதற்கு நேரான பதில் சொல்லாமல் 'நோக்கம்' பற்றிப் பேசுவோர்தான் அதிகம்.

2019 ஆகஸ்டில் காற்று திசை மாறியது போல் தெரிந்தது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் 181 தலைமை நிர்வாகிகள், இனி வாடிக்கையாளர், ஊழியர், விநியோகஸ்தர், சமூகம், பங்குதாரர் என எல்லாருக்காகவும் செயல்படுவோம் என்று கையெழுத்திட்டார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் விசாரித்தபோது, பதில் தந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை இதற்குத் தங்கள் இயக்குநர் வாரியத்தின் ஒப்புதலைக்கூடப் பெறவில்லை என்பது தெரிய வந்தது. ஒரு கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கக்கூட வாரியத்தைக் கேட்பவர்கள், கம்பெனியின் நோக்கத்தையே மாற்றும்போது கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? எதுவும் மாறாது என்று அவர்களுக்கே தெரியும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிரான்சில் கொஞ்சம் உண்மையாகவே முயன்றார்கள். 2019இல் வந்த சட்டம், நிறுவனம் தன் சமூக நோக்கத்தைச் சாசனத்திலேயே எழுத வழி செய்தது. தயிருக்குப் பேர் போன டனோன் 2020இல் அப்படி மாறியது. பங்குதாரர்களில் கிட்டத்தட்ட 99 விழுக்காட்டினர் ஆதரவு. ஓராண்டுகூட ஆகவில்லை. பங்கு விலை போட்டி நிறுவனங்களைவிடப் பின்தங்க, முதலீட்டாளர்கள் சிலர் அழுத்தம் கொடுக்க, 2021 மார்ச்சில் அதன் தலைவர் இமானுவேல் ஃபாபெர் வெளியேற்றப்பட்டார். சாசனத்தில் நோக்கம் அப்படியே இருந்தது. அதைக் கொண்டுவந்தவர்தான் இல்லை.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம் நடந்திருக்கிறது. பழைய 1965 நிறுவனச் சட்டத்தின்படி, கம்பெனி தொடங்கும்போது அதன் நோக்கங்களை எழுதித் தர வேண்டும். கும்பினிப் பட்டயத்தின் தூரத்துச் சொந்தம் அது. நடைமுறையில் வழக்கறிஞர்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்து கப்பல் ஏற்றுமதி வரை எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்துவிடுவார்கள். அதனால் அதற்கு அர்த்தமே இல்லாமல் போனது. 2017 ஜனவரி 31ஆம் தேதி நடப்புக்கு வந்த 2016 நிறுவனச் சட்டம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. சாதாரணப் பங்கு நிறுவனம் இன்று சாசனமே இல்லாமல் இருக்கலாம்.

அதே சட்டத்தின் 213ஆவது பிரிவு, இயக்குநர்கள் முறையான நோக்கத்துக்காகவும், நிறுவனத்தின் சிறந்த நலனுக்காகவும் நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டும் என்கிறது. நிறுவனத்தின் நலன் என்றால் யாருடைய நலன்? இந்தியாவின் 2013 சட்டம் ஊழியர், சமூகம், சுற்றுச்சூழல் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றும் விதித்தது. சட்டம் போட்ட மகமை என்று சொல்லலாம். பிரிட்டனின் 2006 சட்டமும் ஊழியர் நலனைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. மலேசியச் சட்டத்தின் அந்தப் பிரிவில் அப்படி ஒரு பட்டியல் இல்லை.

பெயர் இருக்கும் நாடுகளிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயக்குநர் தவறினால் நிறுவனத்தின் சார்பில் வழக்குப் போடும் உரிமை பொதுவாகப் பங்குதாரர் போன்றவர்களிடம்தான் இருக்கிறது. ஊழியரிடம் இல்லை. சட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, நீதிமன்றக் கதவைத் தட்டும் உரிமை அடுத்தவரிடம் இருக்கிறது.

கையுறைத் தொழிற்சாலையில் நடந்தது

இதெல்லாம் வெறும் தத்துவம் இல்லை என்பதைக் காட்டும் மலேசியச் சம்பவம் ஒன்று நம் கண் முன்னே நடந்தது. கோவிட் காலத்தில் உலகமே கையுறைக்கு அலைந்தது. உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை நிறுவனமான டாப் குளோவ் வரலாறு காணாத லாபம் பார்த்தது. மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கும் பொருளைத் தயாரிக்கும் நிறுவனம். அதைவிட உயர்ந்த நோக்கம் வேறு என்ன வேண்டும்?

2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பு நடப்பதாகச் சந்தேகித்து, அதன் இரண்டு துணை நிறுவனங்களின் பொருள்களைத் தடுத்து நிறுத்தியது. வங்காளதேசம், நேபாளம் போன்ற நாடுகளில் இருந்து வந்த தொழிலாளர்கள் வேலைக்காக முகவர்களிடம் பெருந்தொகை கட்டி, கடனோடு வந்தவர்கள் என்பதே முக்கியக் குற்றச்சாட்டு. அதே ஆண்டு நவம்பரில் கிள்ளானில் உள்ள தங்குமிடங்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்று. ஒரே அறையில் இத்தனை பேரா என்று நாடே கேட்டது.

2021 ஜனவரியில் ஆண்டுப் பொதுக்கூட்டம். உலகின் மிகப் பெரிய நிதி நிர்வாக நிறுவனமான பிளாக்ராக், ஆறு இயக்குநர்களின் மறுநியமனத்துக்கு எதிராக வாக்களித்தது. நிறுவனங்களுக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்று 2018இல் கடிதம் எழுதி இந்த விவாதத்தையே கிளப்பிய லேரி ஃபிங்க்கின் நிறுவனம்தான் அது. என்ன நடந்தது? ஆறு பேரும் மீண்டும் தேர்வானார்கள். நிறுவனரின் பங்கும் மற்றவர்களின் ஆதரவும் போதுமானதாக இருந்தது.

பிறகு 2021 மார்ச்சில் அமெரிக்கா இன்னும் கடுமையான தடை விதித்தது. அதன் பிறகு வேலைகள் மளமளவென நடந்தன. தொழிலாளர்களுக்கு 3 கோடி அமெரிக்க டாலருக்கும் அதிகமான இழப்பீடு, தங்குமிட மேம்பாடு எல்லாம் செய்யப்பட்டதாகச் சொல்லி, செப்டம்பரில் அதே சுங்கத் துறை தடையை நீக்கியது.

நிறுவனத்தின் நோக்க வாசகத்தால் அந்தப் பணம் தொழிலாளி கைக்கு வரவில்லை. முதலீட்டாளரின் மனசாட்சி வாக்கும் தோற்றது. துறைமுகத்தில் பெட்டிகள் நின்றபோதுதான் வந்தது. மலேசிய அரசும் தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 446ஆவது சட்டத்தைத் தோட்டப்புறத்துக்கு வெளியே எல்லாத் துறைகளுக்கும் விரிவாக்கி, 2020 செப்டம்பரில்தான் அமலாக்கத் தொடங்கியிருந்தது. தோட்டத்தில் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தச் சட்டத்தின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பங்கையே வக்ஃபு செய்தால்?

சூலியா தெருப் பெரியவர்களின் யோசனைக்கு ஒரு நவீன வடிவமும் மலேசியாவிலேயே இருக்கிறது. 2006இல் ஜோகூர் மாநில நிறுவனமான ஜேகார்ப், தன் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்களில் இருந்து சுமார் 200 மில்லியன் ரிங்கிட் மதிப்புள்ள பங்குகளை வக்ஃபு செய்தது. நிலமோ கடைவீடோ இல்லை, கம்பெனிப் பங்கு. அவற்றில் கேபிஜே மருத்துவமனைக் குழுமத்தின் பங்குகளும் அடக்கம்.

அந்தப் பங்குகளுக்கு வரும் டிவிடெண்டின் ஒரு பகுதி அறப்பணிக்குப் போகிறது. வக்காஃப் அன்-நூர் என்ற பெயரில் நடக்கும் மருந்தகங்களில் ஏழைகள் 5 ரிங்கிட்டுக்குச் சிகிச்சை பெற்றார்கள், எந்த இனமாக இருந்தாலும். கட்டணம் கூடுதலான தனியார் மருத்துவமனையின் லாபம், 5 ரிங்கிட் மருந்தகத்தை நடத்துகிறது. இது முரண்பாடா, சாமர்த்தியமா? நான் சாமர்த்தியம் என்பேன். ஆனால் அந்தத் தனியார் மருத்துவமனையின் கட்டணத்தைப் பற்றி இந்த ஏற்பாடு எதுவும் சொல்வதில்லை. மகமையில் பார்த்த அதே சிக்கல்.

உலகில் இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. இந்தியாவில் டாடா சன்ஸ் நிறுவனத்தின் 66 விழுக்காடு பங்குகள் டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கின்றன. அமெரிக்க உடை நிறுவனமான படகோனியாவின் வாக்குரிமைப் பங்குகளை அதன் உரிமையாளர் குடும்பம் 2022இல் ஓர் அறக்கட்டளைக்கு மாற்றியது. ஃப்ரீட்மனின் கூர்மையான கேள்விக்கு இவர்களிடம் பதில் இருக்கிறது. இது அடுத்தவர் பணம் இல்லை. உரிமையாளரே தன் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு இந்த வழி, 181 கையெழுத்துகளைவிட நேர்மையாகப் படுகிறது.

ஆனாலும் 1905ஐ மறந்துவிட வேண்டாம். அறக்கட்டளை உரிமையாளராக இருந்தால், அறங்காவலர்களை வெளியேற்றப் பங்குச் சந்தைக்குக்கூட வழி இல்லை. 2016இல் டாடா சன்ஸ் தலைவர் சைரஸ் மிஸ்திரி நீக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2021இல் முடியும்வரை, அறக்கட்டளைக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே இருந்த பலருக்கு மர்மமாகவே இருந்தது.

சரி, இன்றைய சூலியா தெரு?

இன்று போனால் தங்கும் விடுதிகள், நாணய மாற்றுக் கடைகள், இரவு நேரச் சாப்பாட்டுத் தள்ளுவண்டிகள் என்று தெரு நிரம்பி வழிகிறது. பழைய கடைவீடுகளின் வாடகையை அடக்கி வைத்திருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாகி, 2000 தொடக்கத்தில் பாதுகாப்பு முடிவுக்கு வந்தது. நாட்டிலேயே அதிகமான கட்டுப்பாட்டு வீடுகள் இருந்தது ஜோர்ஜ்டவுனில்தான். பல குடும்பங்கள் கிளம்பின. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வந்ததும் வெளி முதலீட்டாளர்கள் வரிசை வரிசையாகக் கடைவீடுகளை வாங்கினார்கள். அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா, 2009இல் திங்க் சிட்டி என்ற துணை நிறுவனத்தை ஆரம்பித்து, 20 மில்லியன் ரிங்கிட் மானியத் திட்டத்தோடு பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைக்க உதவியது. கட்டடங்கள் பிழைத்தன. அவற்றில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள் என்று சொல்ல முடியாது.

இந்தத் தெருவை ஒட்டிக் கோயில், பள்ளிவாசல், சீனக் குலச் சங்கங்களுக்குச் சொந்தமான கடைவீடுகள் இன்னும் இருக்கின்றன. விற்கக் கூடாது என்று என்றோ எழுதி வைத்ததால் அவை முதலீட்டாளர் கைக்குப் போகவில்லை. ஆனால் அந்த அறங்காவலர்களும் வாடகையை ஏற்றலாம். ஏற்றியும் இருக்கிறார்கள். கோயிலுக்கு வருமானம் கூடினால் நல்லதுதானே என்பார் அறங்காவலர். மூன்று தலைமுறையாக அங்கே கடை நடத்தும் குடும்பம் என்ன சொல்லும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள்? உங்கள் சம்பளச் சீட்டில். மாதம் 11 விழுக்காடு பிடிக்கிறார்களே இபிஎஃப், அந்த ஊழியர் சேமநிதி வாரியத்தின் சொத்து 1 டிரில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. தமிழில் சொன்னால் ஒரு லட்சம் கோடிக்கு மேல். மலேசியாவின் பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவற்றில் அதற்குப் பங்கு உண்டு. ஆக, கம்பெனி யாருக்காக என்று கேட்கும் தொழிலாளியும், டிவிடெண்ட் எவ்வளவு என்று ஆண்டு தொடக்கத்தில் ஆவலோடு காத்திருக்கும் பங்குதாரரும் பல நேரம் ஒரே ஆள்தான். டிவிடெண்ட் அரை விழுக்காடு குறைந்தால் நாம் போடும் சத்தம் கொஞ்சமா என்ன?

இபிஎஃப் உட்பட சில நிதி அமைப்புகள் சேர்ந்து 2000இல் சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழுவை நிறுவின. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்கு முன் தான் எழுப்பும் கேள்விகளை அது தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. உங்கள் முதலாளி நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால், அடுத்த பொதுக்கூட்டத்தின்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் எத்தனை கேள்வி லாப விகிதம் பற்றியது, எத்தனை கேள்வி தொழிலாளர் விடுதி பற்றியது என்று எண்ணிப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.